அக்குள் முடிக்கு வெட்கம் வந்த வருஷம் எது?

டிஸ்கி: தலைப்பைப் பார்த்துட்டு "ச்சீ, என்ன கருமம் இது" என்று முகம் சுளிக்கிறவர்கள், தயவுசெய்து முழுசாகப் படித்துவிட்டுச் சுளிக்கவும். அந்தச் சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவே :-)

எங்கள் பொட்டி தட்டும் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மென்பொருளில் அர்த்தமே புரியாத ஒரு விதி கண்ணில் பட்டால், முதலில் கேட்கிற கேள்வி "இதை யாரு, எப்போ கேட்டாங்க?" பழைய ஆவணங்களைத் தோண்டினால் பல சமயம் அதைக் கேட்ட புண்ணியவான் வேலையை விட்டுப்போயே பத்து வருஷம் ஆகியிருக்கும். விதி மட்டும் ஜம்முன்னு உட்கார்ந்திருக்கும். புதுசா வந்த பசங்க அதைப் பிரபஞ்ச நியதி மாதிரி நினைச்சு அதுக்கு மேலேயே இன்னும் பத்து மாடி கட்டியிருப்பாங்க.

பெண் உடம்பில் தலை, புருவம், இமை தவிர வேறெங்கும் முடி தெரியக்கூடாது என்பதும் அப்படி ஒரு விதிதான். சுத்தம், நாகரிகம், அழகு என்று ஆயிரம் பேர் வைத்தாலும், அமெரிக்காவில் இதற்கு ஏறக்குறைய ஒரு பிறந்த தேதியே உண்டு. ஆணும் பெண்ணும் சந்திக்கிற முறை அங்கே மாறின கதையும் இந்த முடிக் கதையும் பின்னிப் பிணைஞ்சு கிடக்கு. அதைத்தான் இங்கே பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

முடி எடுக்கிறதே புதுசு என்று நான் சொல்ல வரவில்லை. ரோமாபுரிக் கவிஞர் ஓவிட், ஏறத்தாழ 2000 வருஷம் முன்னாடி காதலிக்கக் கற்றுத்தரும் ஒரு கவிதை நூல் எழுதினார். இன்றைய பாஷையில் டேட்டிங் கையேடு. அதன் மூன்றாம் பாகம் பெண்களுக்கானது. அக்குள் நாற்றமும் காலில் சொரசொர முடியும் வேண்டாம் என்று சொல்லவே தேவையில்லை என்கிற பாணியில் அங்கேயே சொல்லிவிட்டார் மனுஷன். (பின்னால் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரம் நாடு கடத்தினார். காரணங்களில் இந்த நூலும் ஒன்று. அக்குள் பற்றி எழுதினதுக்காக இல்லை!) ஆக ஆசையும் அருவருப்பும் பழசு. ஆனால் அது ஒரு நகரத்தின் வசதியான வட்டத்துப் பழக்கம். ஒரு தேசத்தின் அத்தனை பெண்களும், ஏழை பணக்காரி பேதமில்லாமல், வாராவாரம் செய்தே ஆகணும் என்று ஆனதுதான் புதுசு.

வீட்டுத் திண்ணையில் இருந்து தெருவுக்கு

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் கவுன் தரையைக் கூட்டும். கை மணிக்கட்டு வரை மூடியிருக்கும். காலில் முடி இருந்தால் யாருக்குத் தெரியப்போகுது? முகத்து முடிதான் ஒரே தலைவலி. அதற்கு 1840களிலேயே முடி நீக்கும் பொடிகள் விற்றார்கள். 1875இல் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிச்செல், கண்ணுக்குள் குத்தும் இமை முடியை மின்சார ஊசியால் வேரோடு அழிக்கலாம் என்று காட்டினார். அதுதான் எலக்ட்ராலிசிஸ். கண் வைத்தியம் சீக்கிரமே மேலுதட்டுக்கும் தாடைக்கும் வந்து சேர்ந்தது.

அதற்கு நாலு வருஷம் முன்னாடி, 1871இல், டார்வின் மனிதனின் தோற்றம் பற்றிய தன் புத்தகத்தில் ஒரு குண்டு போட்டிருந்தார். மனிதர்கள் உடம்பு முடியை இழந்ததே துணை தேர்வு செய்ததில்தான், அதில் பெண்கள் முந்திக்கொண்டார்கள் என்பது அவர் வாதம். அவர் எந்த எண்ணத்தில் எழுதினாரோ, படித்தவர்கள் வசதியாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்: முடி குறைந்த பெண்தான் உயர்ந்தவள். முடி கூடியிருந்தால் ஏதோ கோளாறு. அதற்கு மருத்துவப் பெயரும் தயாரானது.

இப்போ காதல் பக்கம் வருவோம். அந்தக் காலத்து நடுத்தர வர்க்க அமெரிக்காவில் ஒரு பையன் ஒரு பெண்ணைச் சந்திக்கணும்னா அவள் வீட்டுக்குப் போகணும். அதுவும் பெண்ணோ அவள் அம்மாவோ அழைத்தால்தான். வரவேற்பறையில் உட்கார்ந்து, டீ குடித்து, அவள் பியானோ வாசிக்கறதைக் கேட்டுட்டு, நல்ல பிள்ளையா எழுந்து வரணும். நம்ம ஊர் பெண் பார்க்கும் படலம் மாதிரி தோணும், ஆனா ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே அழைக்கிற அதிகாரம் பெண் வீட்டுக்காரர்களிடம் இருந்தது. பையன் தானா வரேன்னு சொன்னா மரியாதைக் குறைச்சல்.

நகரத்துக்கு வேலைக்கு வந்த தொழிலாளிப் பெண்களுக்கு வரவேற்பறை ஏது? வாடகை அறையில் நாலு பேர். அதனால் சந்திப்பு வெளியே நகர்ந்தது, நடனக்கூடம், ஐஸ்கிரீம் கடை, சினிமா என்று. 'டேட்' என்ற சொல்லை இந்த அர்த்தத்தில் அச்சில் முதலில் போட்டவர்களில் ஒருவர் சிகாகோ பத்திரிகையாளர் ஜார்ஜ் ஏட், 1896இல். 1920களின் நடுவில் இந்தப் பழக்கம் மேல்தட்டு வரைக்கும் ஏறி, வீட்டுக்கு வந்து பார்க்கிற வழக்கத்தையே ஓரங்கட்டிவிட்டது. வரலாற்றாசிரியர் பெத் பெய்லி 1988இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் விரிவாகச் சொல்கிறார். வெளியே போனால் காசு செலவாகும், காசு ஆணிடம் இருந்தது, ஆகவே அழைக்கிற அதிகாரமும் ஆணிடம் போச்சு.

பெண்களுக்கு இதில் லாபமும் உண்டு. அம்மாவின் கழுகுக் கண்ணில் இருந்து விடுதலை. ஆனா இன்னொண்ணும் நடந்தது. வரவேற்பறையில் அவளுக்கு முன்னாடி அவள் குடும்பம், வீடு, பேர் எல்லாம் சாட்சி சொல்லும். நடனக்கூடத்தில் அவள் உடம்பு மட்டும்தான். ஒரு ராத்திரியில், அறிமுகமில்லாத ஒருத்தன், ஒரு பார்வையில் எடை போடுவான். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. விளம்பரக்காரன் நுழைஞ்சது இந்தச் சந்துலதான்.

1915

இன்னொரு பக்கம் கிங் கேம்ப் ஜில்லெட். 1903இல் அவர் விற்றது மொத்தம் 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த வருஷமே 90 ஆயிரம் ரேஸரைத் தாண்டியது. பாதி மனித குலம் சவரம் பண்ணுது, மீதிப் பாதி பண்ணலை என்றால் வியாபாரிக்குத் தூக்கம் வருமா?

அதே நேரம் ஃபேஷனில் கையில்லாத கவுன் வந்தது. புது நடனங்களில் கையைத் தூக்கணும். 1915இல் அமெரிக்காவின் முன்னணி ஃபேஷன் பத்திரிகையான ஹார்ப்பர்ஸ் பஜாரில் ஒரு முடி நீக்கும் பொடிக்கு விளம்பரம் வந்தது. கையில்லாத உடையில் ஒரு பெண், கை மேலே தூக்கியபடி, அக்குள் வழவழவென்று. கோடைக்கால உடையும் நவீன நடனமும் சேர்ந்து, ஆட்சேபகரமான முடியை நீக்குவதை அவசியமாக்கிவிட்டன என்பது அதன் சாரம். 'ஆட்சேபகரமான' முடியாம். அதுவரை யாருங்க ஆட்சேபிச்சா?

அதே 1915இல் ஜில்லெட் பெண்களுக்கென்று 'மிலேடி டெகொலெட்டே' என்ற ரேஸரைக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் 'ஷேவ்' என்ற சொல்லைத் தொடவே மாட்டார்கள். அது ஆம்பளை சமாச்சாரம் ஆச்சே! அக்குளை 'மிருதுவாக்குவது' என்பார்கள். சங்கடமான ஒரு அந்தரங்கப் பிரச்சினைக்குத் தீர்வு என்பார்கள். கவனிங்க, தீர்வை விற்கிறதுக்கு முன்னாடி பிரச்சினையை விற்கணும். கிறிஸ்டின் ஹோப் என்ற ஆய்வாளர் அந்தக் காலப் பத்திரிகை விளம்பரங்களைத் தேடிப் பார்த்து 1982இல் ஒரு கட்டுரை எழுதினார். 1915க்குப் பிறகான சில வருஷங்களுக்கு அவர் வைத்த பெயர் மாபெரும் அக்குள் பிரச்சாரம். சிரிப்பா இருக்குல்ல? ஆனா நடந்தது அதேதான்.

முடியோடு சேர்ந்து வியர்வையும் மாட்டியது. 1919இல் ஒடொரோனோ என்ற வியர்வைத் தடுப்பானுக்கு ஜேம்ஸ் யங் என்ற விளம்பர எழுத்தாளர் ஒரு விளம்பரம் எழுதினார். உன் அக்குள் நாற்றம் உனக்குத் தெரியாது, எதிரில் நிற்கும் ஆணுக்குத் தெரியும், அவன் சொல்லமாட்டான், விலகிப் போவான் என்று நாசூக்காகப் பயமுறுத்தியது. கோபப்பட்டு 200 வாசகிகள் பத்திரிகைச் சந்தாவையே நிறுத்தினார்கள். கம்பெனியின் விற்பனை ஒரே வருஷத்தில் 112 சதவீதம் ஏறியது. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா விளம்பர உலகம் என்ன பாடம் கத்துக்கிச்சுன்னு புரியும். டேட்டிங் என்பது முடிவு தெரியாத பரீட்சை. அவன் ஏன் திரும்பிக் கூப்பிடலை என்பதற்குக் காரணம் சொல்ல யாரும் வரமாட்டார்கள். அந்தக் காலியிடத்தில் எந்தக் காரணத்தை வேணும்னாலும் நிரப்பி விற்கலாம்.

கால் மட்டும் கொஞ்சம் தப்பித்தது. 1920களில் பாவாடை ஏறியது, 1930களில் மறுபடி இறங்கியது, ஸ்டாக்கிங்ஸ் மறைத்தது. அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1940இல் கடைக்கு வந்து சக்கைப்போடு போட்ட நைலான் ஸ்டாக்கிங்ஸ், 1942 வாக்கில் பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் போய்விட்டது. பெண்கள் காலில் நிறத் திரவத்தைப் பூசி, பின்பக்கம் புருவப் பென்சிலால் தையல் கோடு வரைந்துகொண்டு கிளம்பினார்கள். முடி இருந்தால் அந்தச் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். காலிலும் பிளேடு ஏறியது. போர் முடிந்து நைலான் திரும்பி வந்தது, பிளேடு இறங்கவில்லை. 1964 வாக்கில் 15 முதல் 44 வயது வரையான அமெரிக்கப் பெண்களில் 98 சதவீதம் பேர் கால் முடியை மழித்தார்கள் என்கிறது ஒரு கணக்கு. ஐம்பதே வருஷத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்து நூற்றுக்குப் பக்கத்தில்!

பெட்டிக்குள் கன்னத்தை வைத்தவர்கள்

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே படிச்சிருப்பீங்க. இனி சிரிக்க முடியாது.

எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895இல். மறு வருஷமே வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஒருவரின் தலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் அந்த இடத்து முடி கொட்டிவிட்டது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். சிலருக்கு இது வியாபாரமாகத் தெரிந்தது. 1920களில் ஆல்பர்ட் கெய்சர் என்ற மருத்துவர் 'ட்ரைகோ' என்ற எக்ஸ்ரே கருவியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் பல நகர அழகு நிலையங்களில் இது வைக்கப்பட்டது. ஊசி இல்லை, வலி இல்லை. பெட்டியின் துவாரத்துக்கு நேரே கன்னத்தையோ தாடையையோ வைத்துச் சில நிமிஷம் உட்கார்ந்தால் போதும். ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். முடி போனது. சில வருஷம் கழித்துத் தோல் சுருங்கியது, நிறம் மாறியது, ஆறாத புண் வந்தது, பலருக்குப் புற்றுநோய் வந்தது. 1929இல் அமெரிக்க மருத்துவர் சங்கம் கண்டித்தது. கொஞ்ச நாளில் கம்பெனி மூடப்பட்டது. புற்றுநோய் பல வருஷம் கழிச்சுக்கூட வந்துக்கிட்டிருந்தது.

அடுத்து கொரெம்லு என்ற க்ரீம். உள்ளே இருந்தது தாலியம் அசிடேட். எலி மருந்தில் போடுகிற சரக்கு. மேலுதட்டில் தடவினவர்களுக்குத் தலைமுடியே கொட்டியது, நரம்பு பாதித்தது, பார்வை மங்கியது, சிலருக்குக் கைகால் விழுந்தது. வழக்குகள் குவிந்து 1932இல் அந்த நிறுவனம் திவாலானது. ஆனா அரசாங்கத்தால் அதைத் தடுக்க முடிந்ததா? இல்லை. 1906இல் போட்ட சட்டம் உணவுக்கும் மருந்துக்கும் மட்டும். அழகு சாதனம் அதில் சேரவே இல்லை. அரசின் உணவு மருந்து அதிகாரிகள் இதுபோன்ற பொருட்களை வைத்து 1933இல் ஒரு கண்காட்சியே நடத்த, பத்திரிகைகள் அதை 'பயங்கரங்களின் அறை' என்றன. 1938இல்தான் அழகு சாதனங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இன்னிக்கு க்ரீம் டப்பாவைத் திருப்பி என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு படிக்கிறோமே, அந்த உரிமைக்குப் பின்னாடி மேலுதட்டு முடியை எடுக்கப் போய் முடமான பெண்களும் இருக்காங்க.

"ஒரு மசுருக்காக இவ்வளவா" என்று கேட்கத் தோணும். அங்கேதான் நாம தப்புப் பண்றோம். அந்தக் காலத்தில் பெண்ணுக்கான நல்ல வேலைகள் குறைவு. கல்யாணம் என்பது பெரும்பாலானவர்களுக்குச் சோற்றுக் கணக்கு. அந்தக் கல்யாணத்துக்கு வழி டேட்டிங். வில்லர்ட் வாலர் என்ற சமூகவியலாளர் கல்லூரி மாணவர்களைக் கவனித்து 1937இல் எழுதின கட்டுரையில், டேட்டிங் கிட்டத்தட்ட மார்க் போடும் விளையாட்டாகவே ஆகிவிட்டது என்கிறார். பையனுக்குக் கார், காசு, நடனம். பெண்ணுக்கு உடை, பேச்சு, எல்லாத்துக்கும் மேல எத்தனை பேர் அவளைக் கூப்பிடறாங்க என்பது. மார்க் குறைஞ்சா மார்க்கெட் போச்சு. அப்படி ஒரு சந்தையில் மேலுதட்டு முடி சின்ன விஷயம் இல்லை. அவர்கள் முட்டாள்கள் இல்லை, கணக்குத் தெரிஞ்சவர்கள். கணக்கின் விதிகளை வேற யாரோ எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது சென்னையில் என் அறைத்தோழி ஞாபகத்துக்கு வருகிறாள். இரண்டு மணி நேரம் காபி குடிக்கப் போறதுக்கு மூணு மணி நேரம் பார்லரில் இருந்துவிட்டு, கையெல்லாம் சிவந்து வருவாள். "அவன் என் கையைப் பார்ப்பானான்னுகூடத் தெரியலைடி" என்பாள். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது பெரியம்மா என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி மேலுதட்டுப் பூனைமுடியை எடுத்துடச் சொல்லு என்றார். அவளுக்கு டேட்டிங், எனக்கு ஜாதகம். பாதை வேற, வாசல்ல சோதனை ஒண்ணுதான். பெரியம்மா மேலயும் எனக்குக் கோபமில்லை. என்னைத் தட்டிக்கழிக்க ஒரு காரணம் குறையட்டும்னு நினைச்சாங்க. ட்ரைகோ பெட்டிக்குத் தன் பெண்ணைக் கூட்டிட்டுப் போன அம்மாக்களும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க.

சொந்த விருப்பம்?

எதிர்ப்பு வராமல் இல்லை. 1972 ஜூலையில் வெளிவந்த 'மிஸ்' பெண்ணியப் பத்திரிகையின் முதல் வழக்கமான இதழிலேயே உடம்பு முடி பற்றி ஒரு கட்டுரை இருந்தது. ஆனா சந்தை அசரவில்லை. 1987இல் பிரேசிலைச் சேர்ந்த ஏழு சகோதரிகள் நியூயார்க் மன்ஹாட்டனில் அழகு நிலையம் தொடங்கினார்கள். அங்கிருந்து 'பிரேசிலியன் வேக்ஸ்' பரவியது. 1915இல் நடனக்கூடத்தில் தெரியும் இடம் மட்டும்தான் பிரச்சினை. இப்போ உடை மறைக்கும் இடமும் பட்டியலில் சேர்ந்தது. 1999இல் லண்டனில் ஒரு பட விழாவில் ஜூலியா ராபர்ட்ஸ் கையசைக்க, அக்குள் முடி தெரிய, உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைச் செய்தியாக்கின. கோடிக்கணக்கான ஆண்கள் தினமும் வைத்திருப்பது அவரிடம் இருந்தால் தலைப்புச் செய்தி!

"இதெல்லாம் அவங்கவங்க விருப்பம்தானே, யாரு கட்டாயப்படுத்தினா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு சோதனை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை பிரியன் ஃபாஸ், தன் வகுப்பு மாணவிகளைச் சில வாரம் முடி எடுக்காமல் இருந்து நாட்குறிப்பு எழுதச் சொன்னார். கூடுதல் மதிப்பெண் உண்டு. (பையன்களுக்கு எதிர்ப்பணி, எல்லாத்தையும் மழிக்கணும்!) பலர் ஆரம்பத்தில் முடி எடுப்பது என் சொந்த விருப்பம் என்றுதான் நினைத்தார்கள். எடுக்காமல் விட்ட பிறகுதான் வீட்டார், தோழிகள், காதலர்கள் எல்லோரும் கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். கிண்டல், அருவருப்பு, ஏன் இப்படி ஆயிட்டே என்ற விசாரணை. விருப்பமா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, நிறுத்திப் பார்க்கறதுதான். நிறுத்தினா யாரும் கண்டுக்கலைன்னா அது விருப்பம். கூட்டம் கூடிச்சுன்னா அது விதி.

2017இல் ஸ்வீடன் மாடல் ஆர்விதா பிஸ்ட்ரம் கால் முடியோடு ஒரு காலணி விளம்பரத்தில் நடித்தபோது, பாலியல் வன்முறை மிரட்டல்களே வந்தன. ஆனா காத்தும் கொஞ்சம் மாறுது. பிரிட்டனில் 16 முதல் 24 வயதுப் பெண்களில் அக்குள் முடி எடுப்பவர்கள் 2013இல் 95 சதவீதம், 2016இல் 77 சதவீதம் என்றது மின்டெல் ஆய்வு நிறுவனம். 2018இல் பில்லி என்ற அமெரிக்க ரேஸர் கம்பெனி, விளம்பரத்தில் நிஜமான முடியையே காட்டியது. அதுக்கு முன்னாடி வந்த ரேஸர் விளம்பரங்கள்ல ஏற்கெனவே வழவழன்னு இருக்கிற காலைத்தான் மழிச்சுக் காட்டுவாங்க, கவனிச்சிருக்கீங்களா? பிரச்சினையைக் காட்டாமலே தீர்வை வித்த ஒரே தொழில் இதுவாத்தான் இருக்கும்!

இவ்வளவும் படிச்சுட்டு நாளைக்கே ரேஸரைத் தூக்கி எறியச் சொல்லலை. நானே எறியலை. பிடிச்சா எடுங்க, பிடிக்கலைன்னா விடுங்க. ஆனா ஒண்ணு. பதிமூணு பதினாலு வயசுல, சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் உங்க வீட்டிலும் இருக்கலாம். தன் உடம்புல ஏதோ பிழை இருக்குன்னு அவள் நம்பிட்டிருப்பாள். அவளுக்கு க்ரீம் வாங்கிக் கொடுத்தாலும் சரி, கொடுக்காட்டியும் சரி, அந்த வெட்கத்துக்கு ஒரு வருஷமும், அதை எழுதி வித்த ஆட்களும், அதுக்கு ஒரு விலைப்பட்டியலும் இருந்ததுன்னு சொல்லி வைங்க. பிழை உடம்புல இல்லை.